அம்மாவ நிக்க வெச்சு எடுத்த ஸ்கேன்

மூணு வாரம் லீவுல சென்னை போய்ட்டு போன ஞாயித்துக்கிழமைதான் லண்டன் திரும்புனேன். கல்யாணம், கோயில், சொந்தக்காரங்க வீடு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அத பத்தி எழுத ஒண்ணும் இல்ல. எழுத வேண்டியது அம்மாவோட இடது கால பத்தி, அந்தக் கால படுக்க வெச்சு எடுத்த ஒரு ஸ்கேன பத்தி. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

அம்மா தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடையில 22 வருஷம் சேலை செக்‌ஷன்ல இருந்தாங்க. காலைல பத்து மணிக்கு நின்னா ராத்திரி கடை மூடற வரைக்கும் நிக்கணும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் தவிர உக்காரக் கூடாது, சூப்பர்வைசர் பாத்தா திட்டுவாரு. தீபாவளி சீசன்ல ராத்திரி வீட்டுக்கு வந்து ரெண்டு காலையும் செவுத்துல தூக்கி வெச்சு படுத்துப்பாங்க, நானும் தம்பியும் பாதத்த அமுக்கி விடுவோம். கடையில வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு கேரளாவுல 2018ல சட்டம் வந்துச்சு, நம்ம ஊர்ல 2021ல. அம்மா வேலைய விட்டது 2016ல.

போய் எறங்கி ரெண்டாவது நாள் காலைல வாசல்ல கோலம் போட்டுட்டு இருந்தாங்க, சேலைய கொஞ்சம் தூக்கி சொருகி இருந்ததால அப்பதான் கண்ணுல பட்டுச்சு. கணுக்காலுக்கு உள்பக்கம், நாலு விரக்கடை மேல, உள்ளங்கை அகலத்துக்கு தோல் டிகாஷன் கலர்ல கறுத்துப் போய் இருந்துச்சு. தொட்டுப் பாத்தா பழைய செருப்பு வார் மாதிரி கெட்டியா இருக்கு. அதுக்கு மேல ஆடுசதை பூரா நரம்பு பச்சையா புடைச்சு, சுருண்டு சுருண்டு போவுது. "என்னம்மா இது?"ன்னா, "ரெண்டு மூணு வருசமா இருக்குடி, அரிக்கும், தேங்காண்ணெய் தடவிக்குவேன். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு"ன்றாங்க. வாரா வாரம் வீடியோ கால் பேசறேன், ஆனா போன்ல முகத்த மட்டும்தானே பாக்கறோம். எனக்கு அழுகையே வந்துருச்சு.

போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவ நரம்பு டாக்டர்ட்ட கூட்டிட்டு போயிருக்காங்க, ஏன்னா எல்லாரும் இத நரம்பு சுருட்டல்னுதான சொல்றோம். அவர் கால்ல உணர்ச்சி இருக்கான்னு ஊசியால குத்திப் பாத்துட்டு சத்து மாத்திரை எழுதி குடுத்துட்டாரு, ஒரு வருஷமா அதையே முழுங்கிட்டு இருந்திருக்காங்க. நம்ம பேச்சுல உணர்ச்சிய கடத்தறதும் நரம்புதான், ரத்தம் ஓடற குழாயும் நரம்புதான், அதுல வர்ற கொழப்பம் இது. சுருண்டு கெடக்கறது ரத்தக்குழாய், கால்லேர்ந்து இதயத்துக்கு ரத்தத்த மேல ஏத்துற சிரை. உள்ள ஏறுன ரத்தம் திரும்ப எறங்காம இருக்க சின்னச் சின்ன கதவு மாதிரி வால்வு இருக்கும், அது கெட்டுப் போனா ரத்தம் கீழயே தேங்கி குழாய் வீங்கும். இதத்தான் இங்கிலீஷ்ல வெரிகோஸ் வெயின்னு சொல்றாங்க, அதுக்கு போக வேண்டியது ரத்தக்குழாய பாக்கற வாஸ்குலர் சர்ஜன்ட்ட, நியூராலஜிஸ்ட்ட இல்ல.

சரி, மொதல்ல ஸ்கேன் எடுத்துருவோம்னு பக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டர். போர்டு பளபளன்னு, ஏசி, வாசல்ல செருப்ப கழட்ட ஷெல்ஃப், எல்லாம் இருக்கு. 2,800 ரூபா கட்டினேன். அம்மாவ கட்டில்ல படுக்க வெச்சாங்க, ஜெல் தடவுனாங்க, தொடையிலேர்ந்து முழங்கால் வரைக்கும் அங்கங்க அமுக்கிப் பாத்தாங்க, மொத்தமே நாலு நிமிஷம் இருக்கும். கறுத்துப் போன எடத்த குனிஞ்சு கூட பாக்கல. நான் நிக்க வெச்சு பாக்க மாட்டீங்களான்னு கேட்டேன், ஏன்னா லண்டன்ல எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் கால்ல இதே மாதிரி வந்தப்ப நிக்க வெச்சுதான் பாத்தாங்க. "மேடம், இங்க இப்படித்தான் பண்ணுவோம், ரிப்போர்ட் சாயங்காலம் வாங்கிக்கோங்க"ன்னு பதில். சாயங்காலம் ரிப்போர்ட்ல நார்மல்னு இருக்கு. அந்தக் கால வெச்சுக்கிட்டு நார்மல்! அம்மா அத பாத்து சந்தோஷப்பட்டாங்க, அதான் எனக்கு தாங்கல. "பாத்தியா, ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கான், நீதான் சும்மா பயப்படுற"ன்னு என்னை சமாதானம் பண்றாங்க.

அப்புறம் புரிஞ்சுது, அவங்க எடுத்தது ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கான்னு பாக்கற ஸ்கேன். அது படுக்க வெச்சு எடுக்கலாம். வால்வு கசிஞ்சு ரத்தம் கீழ திரும்புதான்னு (இத ரிஃப்ளக்ஸ்னு சொல்றாங்க) பாக்கறது வேற, அதுக்கு ஆள் நிக்கணும், படுத்துட்டா கீழ இழுக்கற எடையே இல்லாம போயிடுது, கசிவு சரியா தெரியாது.

தம்பியோட ஃபிரெண்ட் சொல்லி சென்ட்ரல் எதிர்ல ஜிஎச்சுக்கு போனோம். அரசாங்க ஆஸ்பத்திரியான்னு எனக்கு மனசே இல்ல, சின்ன வயசுல தாத்தாவுக்கு அங்க வராந்தாவுல பாய் விரிச்சு காத்திருந்த ஞாபகம். காலைல ஏழு மணிக்கே போய் ஓபி சீட்டு போட்டு, வாஸ்குலர் எங்கன்னு நாலு பேர கேட்டு கண்டுபிடிச்சு, கூட்டத்துல நின்னு, கூப்பிடறப்ப பதினொண்ணே கால். இதுலயே எரிச்சல்ல இருந்தேன். ஆனா உள்ள இருந்த அந்த பொண்ணு, பிஜி படிக்கற டாக்டரா இருக்கும், முப்பது வயசு கூட இருக்காது, அம்மாவ பாத்ததும் சொன்ன மொத வார்த்தை, "கட்டில் வேணாம்மா, இந்த ஸ்டூல் மேல ஏறி நில்லுங்க, கம்பிய புடிச்சுக்கோங்க. எடைய வலது கால்ல போடுங்க, இந்தக் கால லூசா விடுங்க."

அந்தப் பொண்ணு தரையில குந்தி உக்காந்து, ஒரு கையில ஸ்கேன் மிஷினோட ப்ரோப், இன்னொரு கையால அம்மாவோட ஆடுசதைய அமுக்கி விட்டுச்சு. அமுக்குனா ஸ்கிரீன்ல ரத்தம் நீலமா மேல போவுது. கைய எடுத்ததும் நிக்கணும், நிக்கல, சிவப்பா கீழ எறங்குது, எறங்கிட்டே இருக்கு. "அரை செகண்டுக்கு மேல கீழ வந்தாலே வால்வு சரியில்லன்னு அர்த்தம். அம்மாவுக்கு மூணு செகண்ட் வருது பாருங்கக்கா"ன்னு ஸ்கிரீன எனக்கு திருப்பிக் காட்டுச்சு. கறுப்புக்கு காரணமும் அதுதான் சொல்லுச்சு, தேங்கின ரத்தம் குழாய விட்டு கசிஞ்சு, அதுல இருக்கற இரும்பு தோலுக்கடியில படிஞ்சு போச்சாம். அடுத்த கட்டம் புண்ணு, அந்த எடத்துலதான் ஆறாத புண்ணு வரும், அதனால சொறியவே கூடாதுன்னு அம்மா கைய புடிச்சு சொல்லுச்சு. ஸ்கேனுக்கு ஒரு பைசா வாங்கல. நான் லண்டன்ல ஜிபிய, அதாவது நம்ம ஏரியா குடும்ப டாக்டர பாத்து, ரெஃபர் பண்ணி, லெட்டர் வந்து, ஸ்கேனுக்கு ஏழு மாசம் காத்திருந்தேன்.

ட்ரீட்மென்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. பன்னெண்டு நாள்ல தேதி குடுத்தாங்க, தொடையில மரத்துப் போக ஊசி போட்டு, குழாய்க்குள்ள மெல்லிசா ஒரு ஒயர் விட்டு சூடு குடுத்து மூடிட்டாங்க, மத்தியானமே அம்மா வராந்தாவுல நடந்தாங்க. அந்தக் குழாய மூடிட்டா ரத்தம் எப்படி போவும்னு அம்மா கேட்டாங்க, உள்ள ஆழத்துல இருக்கற பெரிய குழாய் வழியா போயிடுமாம். இங்கிலாந்துலயும் 2013லேர்ந்து வழிகாட்டுதல் இப்படித்தான், மொதல்ல சூடு குடுத்து மூடறது, தோதுப்படலன்னா மருந்து நுரை, அதுவும் ஆகலன்னாதான் அறுத்து எடுக்கறது.

ஆனா அதுக்கப்புறம் கால இறுக்கிப் புடிக்க போடற சாக்ஸ் கத மறுபடி எரிச்சல். மெடிக்கல் ஷாப்ல அளவே எடுக்காம அம்மாவ மேலயும் கீழயும் பாத்துட்டு "எல் சைஸ் சரியா இருக்கும்"னு நீட்டுறாரு. கணுக்கால், ஆடுசதை சுத்தளவ காலைல வீக்கம் ஏர்றதுக்கு முன்னாடி டேப் வெச்சு அளக்கணும், சுகர் இருக்கறவங்களுக்கு பாதத்துல நாடித் துடிப்பு இருக்கான்னு டாக்டர் பாத்துட்டுதான் சாக்ஸே குடுக்கணும், போற ரத்தமே கம்மியா இருந்தா அந்த அழுத்தம் ஆபத்து. அந்தப் பொண்ணு அத பாத்துதான் எழுதி குடுத்துச்சு. அடுத்த நாள் காலைல நானே தையல் டேப்ப எடுத்து அளந்து மீடியம் வாங்குனேன். சென்னை வெயில்ல அத போடறது லேசு இல்ல. குதிகால் வரைக்கும் உள்புறத்த வெளிய திருப்பி, பாத்திரம் தேய்க்கற ரப்பர் க்ளவுஸ் போட்டு இழுத்தா ஏறுது, அம்மா நாலாவது நாளே தானா போட கத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணு, பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் தேச்சு உருவி விடுறேன்னு வந்தாங்க. ஒத்த கால் திடீர்னு வீங்கி, ஆடுசதை சூடா வலிச்சா உருவவே கூடாதுக்கா, அது ரத்தம் உறைஞ்சதா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரின்னு சொல்லி வெச்சிருக்கேன்.

வலது காலுக்கு மார்ச்ல ஸ்கேன் எடுக்கணும், நான் அங்க இருக்க மாட்டேன், தம்பிக்கு லீவு கெடைக்கலன்னா அதே பக்கத்து சென்டருக்குத்தான் போவாங்கன்னு எனக்கு தெரியும். அதனால ஃபைலோட மொத பக்கத்துல பெரிய எழுத்துல எழுதி ஒட்டிட்டு வந்திருக்கேன்: "ரிஃப்ளக்ஸ் பாக்கணும். நிக்க வெச்சு எடுக்கணும். படுக்க சொன்னா பணம் கட்டாதீங்க." நேத்து வீடியோ கால்ல அம்மா போன கீழ எறக்கி மொதல்ல கணுக்காலத்தான் காமிச்சாங்க, அந்த கறுப்பு அப்படியேதான் இருக்கு, ஆனா அரிப்பு இல்லையாம்.