உறைய வைத்த மனிதக் கொழுப்பு முன்செல்கள்: எதற்கு வாங்கலாம், எதற்குக் கூடாது

முதிர்ந்த கொழுப்புச் செல் ஆய்வக வளர்ப்புத் தட்டில் ஒட்டாது, மிதக்கும். அதனால்தான் தோலடிக் கொழுப்பிலிருந்து பிரித்த ப்ரீஅடிபோசைட்டை (இன்னும் முதிராத கொழுப்பு முன்செல்லை) உறைநிலையில் வாங்கி, தட்டிலேயே முதிர வைக்கிறோம். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் 3டி3-எல்1 என்ற சுண்டெலிச் செல்லைவிட விலை கூட, வளர்வதும் மெதுவாகத்தான். ஆனாலும் சில கேள்விகளுக்கு வேறு வழியில்லை. உதாரணமாக, இதயம் சுரக்கும் நேட்ரியுரெட்டிக் பெப்டைட் மனிதச் செல்லில் கொழுப்பை நன்றாகவே உடைக்கும். சுண்டெலிச் செல்லில் அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை.

செல்கள் உறைந்திருக்கும் சிறு குப்பி (வயல்) வந்தவுடன் திரவ நைட்ரஜனுக்குள் போய்விட வேண்டும். மைனஸ் 80 ஃப்ரீசரில் வாரக்கணக்கில் கிடந்தால் உயிர்ப்பு குறையும். உருக்கும்போது 37 டிகிரி தண்ணீரில் சிறு பனித்துண்டு மிஞ்சும்வரை மட்டும் வைத்து, வெதுவெதுப்பான மீடியத்தை (செல் வளர்க்கும் ஊட்டத் திரவத்தை) சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். செல்கள் தட்டை முழுக்க நிரப்பிய பிறகே முதிர்வைத் தொடங்க வேண்டும். இடைவெளி இருந்தால் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் கொழுப்பு சேரும்.

முதிர்வு மீடியத்தில் இன்சுலின், டெக்ஸாமெத்தசோன் (ஒரு ஸ்டீராய்டு), 0.5 மில்லிமோலார் ஐபிஎம்எக்ஸ் (முதிர்வைத் தூண்டும் ஒரு வேதிப்பொருள்), ரோசிகிளிட்டசோன் (ஒரு நீரிழிவு மருந்து) ஆகிய நான்கும் இருக்கும். ஐபிஎம்எக்ஸ், ரோசிகிளிட்டசோன் இரண்டையும் முதல் சில நாட்களோடு நிறுத்திவிடுவது வழக்கம். சுமார் இரண்டு வாரத்தில் செல் முழுக்கச் சிறு துளிகள் நிறையும். உடலில் உள்ளதுபோல ஒரே பெரிய துளி வராது. அதைக் குறையாகச் சொல்லிப் பயனில்லை.

அதிகம் சொதப்புவது மீடியம் மாற்றும்போதுதான். கொழுப்பு நிறைந்த செல்லின் பிடி தளர்வானது. பழைய மீடியத்தை அடிவரை உறிஞ்சினால் செல் படலமே சுருண்டு எழுந்துவிடும். மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு, புதியதைச் சுவரோரமாக ஊற்றுங்கள். கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயத்தையும் வடிகட்டாமல் போடாதீர்கள். சிவப்புப் படிகங்கள் கொழுப்புத் துளி வேடம் போடும்.

இன்சுலின் எதிர்ப்பை அளக்கப் போகிறீர்களானால் ஒரு எச்சரிக்கை: பராமரிப்பு மீடியத்தில் இன்சுலின் ஏற்கெனவே தாராளமாக இருப்பதால் செல் மரத்துப்போயிருக்கும். முந்தைய இரவே இன்சுலினும் சீரமும் (இரத்தத்திலிருந்து பிரித்த நீர்மமும்) இல்லாத மீடியத்துக்கு மாற்ற வேண்டும். அப்படியும் குளுக்கோஸ் உறிஞ்சல் சுண்டெலிச் செல் அளவுக்குத் துள்ளாது.

டோனரின் (கொழுப்பைக் கொடுத்தவரின்) வயது, பாலினம், பிஎம்ஐ, நீரிழிவு உண்டா, கொழுப்பு எடுத்த இடம், பாசேஜ் எண் (செல்லைப் புதுத் தட்டுக்கு எத்தனை முறை மாற்றி வளர்த்தார்கள் என்பது) இவ்வளவையும் தராத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். மூன்று, நான்கு பாசேஜுக்கு மேல் முதிரும் திறன் சரியும். ஒரே டோனரின் மூன்று தட்டுகள் மூன்று மாதிரிகள் ஆகாது. குறைந்தது மூன்று பேருடைய செல்கள் தேவை. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சோதனை முடிந்த வயலானாலும் உயிர்ப்பாதுகாப்பு நிலை 2 முறைப்படியே கையாளுங்கள்.

ஜீன் எடிட்டிங் மாதிரி நீண்டகாலம் செல்லைப் பெருக்க வேண்டிய வேலைக்கு இந்த வயல் சரிப்படாது. அதற்கு எஸ்ஜிபிஎஸ் என்ற மனிதக் கொழுப்பு முன்செல் வகை உண்டு; அந்தச் செல்கள் பல தலைமுறை தாண்டியும் முதிரும். அவையும் ஒரே குழந்தையிடமிருந்து வந்தவை என்பதால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அவற்றில் தேட முடியாது.