ஆடிப்பட்டத்துக்கு வாங்கின நாட்டு விதை காம்போ – 5க்கு 3 ஸ்டார்

ஆடி பொறந்ததும் மாடில தோட்டம் போடணும்னு ஆன்லைன்ல ஒரு கடைல 12 பாக்கெட் நாட்டு விதை வாங்கினேன், கடை பேரு வேணாம். வெண்டை சூப்பர்ங்க, ராத்திரி ஊறப்போட்டு காலைல நேரா க்ரோ பேக்ல ஊனினேன், அஞ்சாவது நாள் மண்ண முட்டிக்கிட்டு ரெண்டு எல விரிச்சு நிக்குது, காப்பி ஆறிப்போற வரைக்கும் அதையே பாத்துட்டு நின்னேன் அவ்ளோ சந்தோஷம்.. அரைக்கீரை விதை கடுகவிட பொடிசு, மணலோட கலந்து தூவுங்க, இல்லன்னா ஒரே எடத்துல கொத்தா மொளைக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூணும் குழித்தட்டுல (நாத்து வளக்குற சின்னச் சின்ன குழி வெச்ச தட்டு) போட்டது நாத்தா வருது, 25-30 நாள்ல எடுத்து நடலாம், மிளகாய்க்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்.

கொத்தமல்லிதான் ஏமாத்திடுச்சு. பூரிக்கட்டையால உருட்டி ரெண்டா ஒடச்சுதான் போட்டேன், 20 நாள் ஆகியும் ஒண்ணுகூட வரல. பாக்கெட்ட திருப்பிப் பாத்தா தேதியும் இல்ல, முளைப்புத்திறன் எவ்ளோன்னும் இல்ல, மெசேஜ் போட்டு கேட்டேன் பதிலே இல்ல, இது ரொம்ப தப்பு. அப்புறம் சமையலுக்கு வெச்சிருந்த மல்லியயே ஒடச்சு போட்டேன், பத்தாம் நாள் பச்ச தெரிஞ்சுது. புதினாவுக்கும் ஒரு பாக்கெட் வெச்சிருக்காங்க, அதுக்கு எதுக்குங்க விதை, மார்க்கெட் கட்டுல தடியான தண்டா பாத்து நட்டா போதும். வெண்டையும் கீரையும் தனியா குடுத்தா கண்டிப்பா திரும்ப வாங்குவேன், முழு காம்போ வேணாம்.