பழைய மொரிஸ் மைனருக்கு வேக்குவம் பூஸ்டர்: மலை ரோட்டில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் பழைய மொரிஸ் மைனரின் பிரேக்குக்கு வேக்குவம் பூஸ்டர் போட்டேன், அதாவது பெடலை மிதிக்கிற பலத்தை எஞ்சினின் உறிஞ்சலால் பெருக்குகிற கருவி. அதனால் கார் முன்னைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இல்லை. மிதிக்கிற காலுக்கு வேலை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான், அதனால் திருப்தி. ஆனால் இலங்கையில் ஹட்டன், நுவரெலியா மலைப்பக்கம் ஓடுகிற காருக்கு இதைப் போட நினைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. கடையில் அதையெல்லாம் சொல்லித் தரமாட்டார்கள்.

கார் அப்பாவுடையது. தோட்டத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில் வாங்கியது, 1098 சிசி எஞ்சின். 1962க்குப் பிறகு வந்த இந்த மொடலில் முன் பிரேக் டிரம் (சில்லோடு சுற்றுகிற வட்டப் பெட்டி) 8 அங்குலம், அதற்கு முந்தியதில் 7 அங்குலம்தான். எதிலுமே கம்பனி பூஸ்டர் வைக்கவில்லை. மிதிக்கிற பலம் முழுக்க நம் காலில் இருந்துதான் போக வேண்டும். அப்பாவுக்கு வலது முழங்கால் தேய்ந்துபோனது, ஆனால் சாவியைக் கொடுக்கச் சொன்னால் கோபம் வரும், அதனால் பிரேக்கை இலகுவாக்குவது ஒன்றுதான் வழி.

இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, ஜப்பான் கார் ஒன்றின் பெடல், மாஸ்டர் சிலிண்டர் (மிதித்ததும் பிரேக் ஒயிலைக் குழாய்க்குள் தள்ளுவது), பூஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றி வந்து எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டை வெட்டி அதில் பூட்டுவது. நிசான், டொயோட்டா எஞ்சின் மாற்றிய மைனர்களில் இப்படித்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். அது வேலை செய்யும், ஆனால் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்கு ஏறிய விலையைப் பார்த்தவனுக்கு அந்தத் தகட்டில் கிரைண்டர் வைக்க மனம் வராது. இன்னொன்று, பெடலோடு சேராமல் தனியாக இருக்கிற பூஸ்டர், அதை சர்வோ என்பார்கள். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதிலிருந்து சில்லுகளுக்குப் போகிற குழாயை இடையில் பிரித்து சர்வோவுக்குள் விட்டு, மறுபக்கத்தால் எடுத்துத் திரும்பவும் சில்லுகளுக்குக் கொண்டுபோவதுதான் விஷயம். நான் போட்டது பிரேக் அழுத்தத்தை 1.9 மடங்காக்குகிற விகிதம் உள்ளது. எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்கலாம்.

போடுவதற்கு முன்னால் நான்கு சில்லிலும் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், லைனிங் (டிரம்மில் உராய்கிற பட்டை) எல்லாவற்றையும் புதுசாக்கினோம். இதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். முன்பு பிரேக் பிடித்தால் லேசாக இடப்பக்கம் இழுக்கிற கார், பூஸ்டர் போட்ட பிறகு நன்றாகவே இழுக்கும், ஏனென்றால் நல்லது கெட்டது எல்லாவற்றையும்தான் அது பெருக்குகிறது. கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் தேடினால் சாமான் கிடைக்கும், கொஞ்சம் அலைய வேண்டும்.

வேக்குவம் எடுப்பது இன்லெட் மெனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்றும் பெற்றோலும் போகிற குழாய்) இருந்து. அதில் துளை போட்டு நூல் வெட்டி ஒரு பெஞ்சோ போல்ட் (உள்ளே துளையுள்ள போல்ட்) பூட்டி, நடுவில் ஒருவழி வால்வு வைத்து ஹோஸை சர்வோவுக்கு இழுக்க வேண்டும். முதலில் வேலை செய்த கராஜில் சாதாரண பெற்றோல் ஹோஸ் ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். காலையில் குளிரோடு எடுத்தால் எல்லாம் அருமை. எஞ்சின் நன்றாகச் சூடாகி, தலவாக்கலை தாண்டி ஏறியதும் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். பொனட்டைத் திறந்து பார்த்தால் ஹோஸ் வளைகிற இடத்தில் ரப்பர் இளகி, உள்ளே இழுபட்டு, இரண்டு பக்கமும் ஒட்டி நாடா போலத் தட்டையாகக் கிடக்கிறது. எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் மெல்ல உருண்டையாகிறது. அந்த ஹோஸை எடுத்து வீசிவிட்டு, வேக்குவத்துக்கென்றே வருகிற தடித்த நூல் சுற்றிய ஹோஸ் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. வேறு மெக்கானிக் பாஸ் ஒருவர் சர்வோவின் முன்பக்கம் சற்று மேலே தூக்கி இருக்கும்படி மாற்றியும் பூட்டித் தந்தார், கிடையாக இருந்தால் காற்று உள்ளேயே நின்றுகொள்ளும், எவ்வளவு பிளீட் செய்தாலும் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றினாலும்) பெடல் ஸ்பொஞ்சாகவே இருக்கும்.

சரி, மலைக்கும் பூஸ்டருக்கும் என்ன சம்பந்தம்? வேக்குவம் பூஸ்டர் வேலை செய்வதே ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் எஞ்சின் உறிஞ்சிய வெறுமை என்ற வித்தியாசத்தில்தான். வெளிக்காற்றின் அழுத்தமே குறைந்தால் உதவியும் குறையும். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. கொழும்பில் ஐடிலிங்கில் 18 அங்குலம் (பாதரச அளவில்) காட்டுகிற வேக்குவம் கேஜ் நுவரெலியாவில் 12 பக்கம்தான் காட்டும், ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் என்று போகும். எஞ்சின் தேய்ந்திருந்தால் இன்னும் கீழே. கொழும்பில் இருந்து காரை எடுத்து வந்தவர்கள் நானுஓயா வந்ததும் பிரேக் கொஞ்சம் இறுகிவிட்டது என்றால் அது பிரமை இல்லை. பழுதும் இல்லை.

இறக்கத்தில் இறங்குவதுதான் பெரிய விஷயம். றம்பொடை வளைவுகளிலோ, கினிகத்தேனையில் இருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போதோ, பிரேக்கில் கால் வைத்தே வந்தால் பூஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிரம் சூடாகும், லைனிங் பிடிப்பைவிடும். பூஸ்டர் இல்லாத காலத்தில் கால் அதைச் சொல்லிவிடும், ஒவ்வொரு முடக்கிலும் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கும், நாமும் உஷாராகிவிடுவோம். இப்போது அந்தக் கூடுதல் அழுத்தத்தில் பாதியளவைப் பூஸ்டர் தானே போட்டுக்கொள்கிறது, காலுக்குச் செய்தி சரியாக வந்து சேருவதில்லை. எனக்கு இதில் இன்றுவரை பிடிக்காதது இது ஒன்றுதான். அதனால் பெடல் எவ்வளவு தூரம் கீழே போகிறது என்பதைத்தான் கவனிக்கிறேன், டிரம் சூட்டில் விரிந்தால் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். லைனிங் வாசனையும் வரும். மற்றபடி இரண்டாம் கியர். மைனரில் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓட்டத்தில் கியர் இலகுவாக விழ உதவுகிற அமைப்பு) கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் போடுவது லேசில்லை, அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டுக்கு வந்துவிட வேண்டும். கியரில் இறங்கும்போது அக்ஸிலேட்டர் மூடியிருப்பதால் எஞ்சின் நன்றாக உறிஞ்சும், பூஸ்டரும் அப்போதுதான் முழுப் பலத்தில் இருக்கும். பெற்றோல் மிச்சம் என்று எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டுகிற ஆட்கள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். பூஸ்டர் போட்ட காரில் அப்படிச் செய்தால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வேக்குவம் மிச்சமிருக்கும், அப்புறம் பெடல் இறுகிவிடும், இலகுவான பெடலுக்குப் பழகிய கால் அந்த நேரத்தில் தடுமாறும்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று ஏற்றத்தில் கிடைத்தது. மைனரின் முன் பிரேக்கில் இரண்டு ஷூவும் (லைனிங் ஒட்டிய வளைந்த தகடு) முன்னோக்கி ஓடும்போது டிரம்மோடு சேர்ந்து தானாக இறுகுகிற வகை. பின்னோக்கி உருளும்போது அதே ஷூ இரண்டும் டிரம்மில் இருந்து விலகத் தள்ளப்படும், பிடிப்பு பாதிகூட இருக்காது. தோட்ட ரோட்டில் எதிரே தேயிலைக் கொழுந்து லொறி வந்து, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் நிறுத்தி, பிறகு பின்னால் எடுத்து இடம் விடுகிற வேலை முன்பு அப்பாவுக்குப் பெரிய பாடு. இரண்டு காலாலும் மிதித்ததைப் பார்த்திருக்கிறேன், ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுப்பார். இப்போது ஒரே காலில் நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே செலவு சரி என்பேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக்கூடாது.

மழையில் கொஞ்சம் பழக வேண்டும். ஒடுங்கிய டயர், ரோட்டில் பாசியும் சேறும், பழைய பழக்கத்தில் மிதித்தால் பின் சில்லு பூட்டிக்கொண்டு வால் திரும்பும்.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிரேக் ஒயில் குறைகிறது, சில்லுகளில் கசிவு இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் சர்வோ உள்ளே சீல் போய்விட்டது, அந்தப் பிரேக் ஒயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கிறது என்று அர்த்தம். என்னுடையதற்கு ஒரு தடவை சீல் கிட் மாற்ற வேண்டி வந்தது, அடையாளமும் இதேதான். இங்கே ஈரப்பதம் அதிகம், பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். புதுசாக 230 பாகையில் கொதிக்கிற டொட் 4 ரக பிரேக் ஒயில், ஈரம் ஏறினால் 155 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது சுலபம்: எஞ்சினை நிறுத்தி பெடல் இறுகும்வரை மிதியுங்கள், காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும்.

முன்னுக்கு டிரம்முக்குப் பதிலாக டிஸ்க் பிரேக் போடுவதா என்று கேட்கிறார்கள். அடிக்கடி முழுப் பாரத்தோடு றம்பொடை இறங்குகிறவர் என்றால் காசை முதலில் டிஸ்க்கில் போடுங்கள், சூட்டை அதுதான் தாங்கும், சர்வோவை அதற்குப் பிறகு பார்க்கலாம். அப்பா இப்போது ஓட்டுவது கொட்டகலைச் சந்தை வரைதான். அதற்கு இந்த டிரம்மும் சர்வோவும் தாராளம்.