மினியேச்சர் குதிரையா, நாட்டு மட்டமா, கழுதையா: நம் கடற்கரை மணலுக்கு எது சரி?

என் மச்சினனுக்குத் துபாயில் வேலை. போன விடுமுறைக்கு வந்தவன், புதுச்சேரியில் பாகூர் பக்கம் இருக்கும் அவனுடைய அரை ஏக்கர் தோப்புக்கு ஒரு மினியேச்சர் குதிரையை வாங்கி வந்துவிட்டான். "ஆடு மாதிரிதான் மாமா, ஒரு மூலையில கிடக்கும்" என்றான். மூன்றே வாரத்தில் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். என்னிடம் ஏற்கெனவே இரண்டு நாட்டு மட்டக்குதிரைகள் உண்டு. அடுத்த தோப்புக்காரரிடம் ஒரு ஜோடி கழுதை. ஆக, பத்து மாதமாக மூன்று வகையையும் தினமும் பார்த்து வருகிறேன். சின்னதாக ஒரு குதிரை வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்காக இது.

உயரத்திலிருந்து தொடங்கலாம். ஏமாற்று நடப்பதே அங்கேதான். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் 1978-இல் தொடங்கியது. அதன் கணக்கில் 34 அங்குலத்தைத் தாண்டினால் மினியேச்சர் இல்லை. பிடரி மயிர் முடிகிற இடத்தில் அளக்க வேண்டும், தலையில் அல்ல. ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் மட்டம் 42 அங்குலம் வரை போகும். நம் நாட்டு மட்டம் அதற்கும் மேல். கழுதை இடுப்பு உயரம். (நம் பக்கத்து ஐயனார் கோயில் வாசலில் நிற்கிற குதிரையோடு ஒப்பிட்டால் மினியேச்சர் அதன் முட்டியைத்தான் தொடும்.)

மச்சினனிடம் விற்ற வியாபாரி, "மூணு வயசு, இனி வளராது" என்று சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்து பார்த்தேன், முன்பற்கள் அத்தனையும் பால்பல். இரண்டரை வயதுக்கு மேல் நடு ஜோடி விழுந்து பெரிய பல் முளைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். குதிரைக்குட்டி ஒரு வயதுக்குள் தன் முழு உயரத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும், மிச்சம் மெதுவாக வரும். வந்தபோது 31 அங்குலம் இருந்தது, இப்போது 35. சங்கத்துக்காரர்கள் வந்து அளந்தால் வெளியே நிறுத்திவிடுவார்கள். அதனால் சின்னதாகவே இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், பல் பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் தீவனம். மூன்றுக்கும் உண்மையான வித்தியாசம் இதில்தான் தெரியும்.

மினியேச்சரின் எடை சுமார் 95 கிலோ. உலர்ந்த புல்லாகக் கணக்கிட்டால் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும். ஆனால் தோப்புக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது இருக்கும்: பிஸ்கட், வெல்லம், பண்ருட்டிப் பலாச்சுளை. கூடவே, குதிரை என்றால் கொள்ளு வைக்க வேண்டும் என்கிற நம்பிக்கை. கொள்ளு, வண்டி இழுக்கிற குதிரைக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிற 95 கிலோவுக்கு மாவும் இனிப்பும் கூடினால் லேமினைட்டிஸ் வரும். குளம்புக்குள் எலும்பைப் பிடித்துத் தொங்கவைக்கும் சதை அழன்று, பிடி விட்டு, எலும்பே கீழே இறங்கிவிடும். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்னங்காலில் பாரத்தைப் போட்டு நின்றால், குளம்பைத் தொட்டால் சுட்டால், உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

என் மட்டக்குதிரைகளுக்கும் இந்த நோய் வரலாம். ஆனால் அவை எடை கூடியவை, தினமும் நடக்கிறவை. யாராவது அரைக் கிலோ கூடுதலாக வைத்துவிட்டால் அன்றே கவிழ்ந்துவிடாது. மினியேச்சரிடம் அந்த அளவுக்குத் தவறு செய்ய இடமில்லை. கழுதைக்கு வைக்கோலே பாதிச் சாப்பாடு. ஆனால் அதுவும் கொழுக்கும், கழுத்து மேட்டில் கொழுப்பு திரண்டு ஒரு பக்கமாகச் சாயும்.

கொழுத்துவிட்டதே என்று பட்டினி போடவும் கூடாது. மினியேச்சரும் கழுதையும் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கொட்டி, கல்லீரலைக் கெடுத்து, உயிரையே எடுத்துவிடும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

எந்தப் புல்? மாட்டுக்காரர்கள் எல்லோரும் கோ-4 தீவனப்புல் கரணை தருகிறேன் என்பார்கள். மாட்டுக்கு அருமையான புல்தான். அதில் இருக்கும் ஆக்சலேட்டை மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் சமாளித்துவிடும். குதிரைக்கு அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கூடவே தவிடும் நிறைய வைத்தால் மாதக்கணக்கில் எலும்பு தேய்ந்து, முகம் வீங்கும். அதையே முழுநேரத் தீவனமாக்காதீர்கள். அமெரிக்காவில் பெர்முடா புல் என்று காயவைத்துக் குதிரைக்குப் போடுவது வேறெதுவும் இல்லை, நம் அருகம்புல்தான். அதைக் காயவைத்துப் போடுங்கள். கூட நிலக்கடலைக் கொடி கொஞ்சம். குதிரைமசால் என்று பெயரே இருந்தாலும் மினியேச்சருக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். வேலியில் அரளி இருந்தால் முதலில் வெட்டுங்கள். காய்ந்த இலையும் கொல்லும், மூன்றையும் கொல்லும்.

நம் பக்கம் இன்னொரு ஆபத்து மணல். தரையில் புல்லைப் போட்டால் மணலும் சேர்ந்து உள்ளே போகும், குடலில் தங்கும், சூலை (கடும் வயிற்றுவலி) வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நான் பழைய டயரை வெட்டித் தொட்டியாக்கி, கீழே ரப்பர் பாய் விரித்திருக்கிறேன். வாரம் ஒருமுறை ஒரு பிடி சாணத்தைத் தெளிந்த பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்துப் பார்ப்பேன். அடியில் மணல் படிந்தால் எச்சரிக்கை. மூன்றுக்கும் பொதுவான தொல்லைதான், ஆனால் மருத்துவர் வந்து நிற்கும்போது ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மட்டக்குதிரையின் ஆசனவாய் வழியாகக் கைவிட்டு எந்த இடத்தில் அடைப்பு என்று தடவிப் பார்ப்பார். மினியேச்சருக்குள் கை போகாது. ஸ்கேன், எக்ஸ்ரே என்று போக வேண்டும். நமக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்பது ஒரு நிம்மதி. இரவு இரண்டு மணிக்கு வண்டி பிடிக்க வேண்டுமே, அதையும் யோசியுங்கள்.

கழுதை தோற்கிற இடம் மழை. அதன் ரோமம் தண்ணீரை வழியவிடாது, ஊறிப்போகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பக்கத்துக் கழுதைகளின் கொட்டகையில் பக்கச் சுவர் கிடையாது. நடுங்கிப்போயின. அதன்பின் பொங்கல் வரைக்கும் குளம்பு அழுகலோடு இழுபறி. மேடான தரையும் மூன்று பக்கச் சுவரும் இல்லாமல் கழுதை வாங்காதீர்கள். வெயிலில் கதை தலைகீழ். மே மாதப் புழுக்கத்தில் கழுதை அது பாட்டுக்கு நிற்கும், அடர்ந்த ரோமத்தோடு மினியேச்சர் மூச்சு வாங்கும். ஏப்ரலிலேயே கத்தரித்துவிட்டேன்.

குளம்பு சீவுவது ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, எதை வாங்கினாலும். மணலில் குளம்பு தேயாது. ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி, வெறிநாய்க்கடி ஊசி, பூச்சி மருந்து, இவற்றிலும் வேறுபாடு இல்லை. தெருநாய் கூட்டமாக வந்தால் மட்டக்குதிரை உதைத்துத் துரத்தும். மினியேச்சரை இரவில் அடைத்தே வைக்க வேண்டும்.

குழந்தை ஏறலாமா? உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 95 கிலோ குதிரைக்கு 19 கிலோ. மச்சினன் மகள் இப்போது எல்கேஜி. இரண்டாம் வகுப்புக்குப் போவதற்குள் இறங்கிவிட வேண்டும். குதிரையோ 25, 30 வருடம் இருக்கும். 1965-ஆம் வருடப் பொதிவிலங்கு விதிகளில் மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ என்று மேல்வரம்பே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறத்தான் என்றால் மட்டக்குதிரைதான்.

எதுவானாலும் ஒற்றையாக வாங்காதீர்கள். முதல் இரண்டு மாதம் அந்த மினியேச்சர் வேலிக் கம்பைக் கடித்துக்கொண்டே இருந்தது. என் கிழப் பெட்டை மட்டத்தோடு விட்ட பிறகுதான் நிறுத்தியது.

என் தேர்வு: வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருந்து, கை நீட்டுகிறவர்களைத் தடுக்க முடியும் என்றால் மட்டும் மினியேச்சர். மற்றவர்களுக்கு ஒரு ஜோடி நாட்டு மட்டம். மேட்டு நிலம், நல்ல கொட்டகை, சவாரி ஆசை இல்லை என்றால் கழுதை ஜோடி, செலவும் குறைவு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மட்டக்குதிரைகளை வரிசையாகப் பார்க்கலாம்.

மச்சினன் போன வாரம் வீடியோவில் பேசினான். "எப்ப மாமா நம்ம தோப்புக்கு அனுப்புவீங்க?" "நீ இன்னொண்ணு வாங்கு, இல்ல என் கிழவியையும் சேத்து ஓட்டிக்கிட்டுப் போ" என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டான்.