ஏழாம் நம்பர் ஃப்ளை ராடும் கடலூர் வெயிலும்: நான்கு வருட அனுபவம்

வேலை மாறி பென்சில்வேனியா போகப்போகும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். “மச்சான், அங்க ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்கணும்னா ஆறாம் நம்பர் ராடு வாங்கறதா, ஏழா?” அவன் கேட்டது ஃப்ளை ராடு, அதாவது இறகும் முடியும் கட்டிய பொய் இரையை (ஃப்ளை) வீசுகிற தூண்டில்கோல். அரை மணி நேரம் பேசினேன். அதில் ராடுக்குப் பத்து நிமிஷம், மீதி முழுக்க அதில் ஓடும் கனமான நூலை, அதாவது லைனைத் திட்டினேன். பேசியதையே எழுதிவைத்தால் வேறு யாருக்காவது உதவும்.

என்னுடையது ஒன்பது அடி, நான்கு துண்டு, ஏழாம் நம்பர், விறைப்பான ரகம். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்கில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. ராடு, ரீல், லைன் மூன்றும் ஒரே பெட்டி. ஊர் திரும்பி நான்கு வருடமாகத் தாழங்குடாவில் பெண்ணையாற்று முகத்துவாரத்திலும் உப்பனாற்றிலும் வீசிக்கொண்டிருக்கிறேன். ஸ்மால்மவுத் நம் ஊர் மீன் இல்லை. வட அமெரிக்காவின் குளிர்ந்த, பாறை ஆறுகளில் திரிவது. இங்கே நான் தேடிப்போவது கொடுவா, செப்பிலி. கெளுத்தி தேடாமலே வரும்.

நம்பரைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். அது மீனின் எடை இல்லை, லைனின் எடை. நம் தூண்டிலில் ஈயம் பறக்கும், நரம்பு பின்னால் போகும். ஃப்ளையில் நேர் தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது இறகும் முடியும்தான், பெரும்பாலும் அதற்கென்று எடையே கிடையாது. லைன்தான் பறக்கிறது, ஃப்ளை கூடவே போகிறது. லைனின் முதல் முப்பது அடி ஆறாம் நம்பரில் சுமார் 10.4 கிராம், ஏழில் 12, எட்டில் 13.6. ஒன்றரை கிராமில் என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் கேட்டவன்தான். எதிர்க்காற்றில் ஒரு தடவை வீசிய பிறகு கேட்கவில்லை.

ஹாரிஸ்பர்கில் சஸ்குவெஹானா ஆறு ஏறக்குறைய ஒரு மைல் அகலம். ஆனால் கோடையில் முக்கால்வாசி இடத்தில் முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் தண்ணீர். இறங்கி நடந்துகொண்டே வீசலாம். அந்த ஆற்று ஸ்மால்மவுத்துக்காகத்தான் பாப் கிளவுசர் என்பவர் 1980களில் ‘கிளவுசர் மின்னோ’ என்ற ஃப்ளையைக் கட்டினார். முள்ளின் தண்டில் டம்பெல் மாதிரி இரண்டு ஈயக் கண்கள். அந்தக் கனத்தில் முள் நிமிர்ந்து மேல்நோக்கி நிற்கும், பாறையில் அதிகம் சிக்காது. இழுத்தால் எழும்பும், விட்டால் தலைகுப்புற இறங்கும். அதை ஆறாம் நம்பரில் வீசினால் ஈயக்கண் காதோரம் உரசிக்கொண்டு போகும். சின்ன ஓடை, சின்ன பாப்பர் (மிதக்கும் ஃப்ளை) என்றால் ஆறாம் நம்பரே சுகம். பெரிய ஆறு, காற்று, கனமான ஃப்ளை என்றால் ஏழு. இந்த விஷயத்தில் என் ராடை ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு கிலோ ஸ்மால்மவுத் தண்ணீரை விட்டு எகிறும்போது கைப்பிடித் தக்கை வரைக்கும் ராடு வளையும். அதை அனுபவித்தவன் வேறு ராடு பேச மாட்டான்.

அப்படிப்பட்ட ராடை இரண்டு வருடம் நான் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறேன்.

காலை ஆறு மணிக்குத் தாழங்குடாவில் வீசினால் நன்றாகப் போகும். எட்டரை தாண்டினால் லைன் ராடின் வளையங்களில் பிசுபிசுவென்று ஒட்டும். அறுபது அடி போனது நாற்பதில் விழும். காலடியில் சுருண்டு கிடப்பது குழைந்த சேமியா மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், மணலையும் கூட்டிக்கொண்டு வரும். பத்து மணிக்குக் கொண்டல் காற்று ஏறிவிட்டால் கதை முடிந்தது. என் கையில் கோளாறு என்று நினைத்தேன். பிறகு ராடு உப்பில் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வளையங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். துண்டுகள் சேரும் இடத்தில் மெழுகுவர்த்தி தடவினேன் (இது மட்டும் உண்மையிலேயே நல்ல பழக்கம், வீசும்போது துண்டு கழன்று போகாது).

கோளாறு லைனில். பெட்டியில் வந்தது குளிர்நாட்டு லைன். குளிர்ந்த தண்ணீரில் விறைத்துச் சுருளக்கூடாது என்று அதன் மேல்பூச்சையும் உள்நூலையும் மெத்தென்று செய்கிறார்கள். சித்திரை வெயிலில் அந்த மெத்தென்ற பொருள் என்ன ஆகும்? வெப்பநாட்டுக்கென்று உள்நூல் விறைப்பான லைன் தனியாக விற்கிறது. எனக்குப் பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் போதும், இரண்டு வருடம் மிச்சம். கடைக்காரனுக்கு நான் கடலூர்க்காரன் என்று தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியாதுதான். நியாயம் பேசும் நிலையில் நான் இல்லை.

அத்தை பையன் வெப்பநாட்டு லைன் ஒன்று வாங்கிவந்தான். முதல் நாளே, உச்சி வெயிலில், ராடு ஹாரிஸ்பர்கில் வீசியது மாதிரி வீசியது. அந்த வாரமே அதே கிளவுசர் ஃப்ளையில் உப்பனாற்றில் முழங்கை நீளக் கொடுவா. இரண்டு வருடம் பழியைச் சுமந்த ராடைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து வைத்தேன், மன்னிப்பு கேட்கிற மாதிரி.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு, ஏழாம் நம்பர் வாங்கு என்றுதான் முடிக்க நினைத்தேன். ஆனால் நேற்று காலை இரண்டு மணி நேரம் வீசி ஒரு கெளுத்திகூட வரவில்லை. பக்கத்தில் பத்து வயசுப் பையன் கைநரம்பில் உயிர் இறாலைக் கோத்து விட்டு, கால் மணி நேரத்தில் இரண்டு கொடுவா தூக்கினான். தூக்கிவிட்டு என்னைப் பார்த்து, “அண்ணே, அது மாட்டுக்குச் சாட்டையா?” என்றான்.

அதனால் மச்சான், நீ எதுவும் வாங்காதே. என் ராடையும் ரீலையும் கொண்டு போ. பரணில் கிடக்கிற அந்தப் பழைய குளிர்நாட்டு லைனையும் எடுத்துக்கொள், அந்த ஊர் தண்ணீருக்கு அது சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா. இல்லை, ஞாயிறு அமாவாசை, காலையில் நல்ல கடல் ஏத்தம் இருக்கும். திங்கட்கிழமை வா.