கொரோனா காலத்தில் மீண்டும் கூடிய எங்கள் சேகர ஆராதனை: ஒரு மதிப்பீடு

திருநெல்வேலி மாவட்டத்தில் நான் உறுப்பினராக உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகர ஆலயம் (சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி), பெருந்தொற்றின் நடுவே நேரடி ஆராதனையை எவ்வாறு மீண்டும் நடத்தியது என்பதை 2021 அக்டோபர் நிலவரப்படி இங்கே மதிப்பிட்டு எழுதுகிறேன். உணவகத்தின் தரத்தையும் மருத்துவமனையின் கவனிப்பையும் விசாரித்துவிட்டுப் போகிற நாம், சில நூறு பேர் ஒரே கூரையின்கீழ் ஒரு மணி நேரம் சேர்ந்து மூச்சுவிடும் ஆலயத்தின் ஏற்பாடுகளையும் அதே அக்கறையோடு விசாரிக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோரை ஆராதனைக்கு அனுப்பலாமா என்று சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு தயங்கும் பிள்ளைகளுக்கும், தங்கள் சபையில் என்ன செய்வதென்று இன்னும் பேசிக்கொண்டிருக்கும் கமிட்டியாருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

வழிபாட்டுத் தலங்களை 2020 ஜூன் 8 முதல் திறக்கலாம் என்று மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டபோதும், தமிழ்நாட்டில் எங்கள் ஆலயம் போன்றவை திறக்கப்பட்டது செப்டம்பர் 1-ஆம் தேதிதான். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு இருந்ததால், செப்டம்பர் 6-ஆம் தேதியே எங்களுக்கு முதல் ஞாயிறு ஆராதனையாக அமைந்தது. இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் மறுபடி மூடப்பட்டு ஜூலை 5-இல் திறந்தார்கள். ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களும் தடை வந்தது. அந்தத் தடை 2021 அக்டோபர் 14-இல்தான் நீங்கியது. இவ்வளவு திறப்பையும் மூடலையும் பார்த்துவிட்ட நிலையில், முதல் முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே எங்கள் சபை எதைக் கற்றுக்கொண்டது என்பதே என் மதிப்பீட்டின் மையம்.

முதல் திறப்பில் கவனம் முழுவதும் வாசலிலும் தரையிலும் இருந்தது. நுழைவாயிலில் சானிடைசர், நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக்கொள்ளும் நோட்டு, ஒவ்வொரு ஆராதனைக்குப் பின்னும் பெஞ்சுகளைக் கிருமிநாசினி தெளித்துத் துடைப்பது என்று இளைஞர் ஐக்கியத்தார் அரும்பாடுபட்டார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெப்பமானியால் தெரிந்துகொள்ளக்கூடியது மிகக் கொஞ்சம். அறிகுறியே இல்லாதவரிடமிருந்து பரவும் நோயை அது காட்டாது. எங்கள் ஊர் வெயிலில் ஒரு மைல் நடந்து வந்தவரையோ அது காய்ச்சல்காரராகக் காட்டிவிடும். அப்படி நிறுத்தப்பட்ட ஒரு பெரியவரை வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி பார்த்தபோது சாதாரண அளவே இருந்தது. நெறிமுறையில் இருந்ததால் வெப்பமானியை வைத்திருந்தது சரி. நோட்டில் எண் எழுதுவதும் பின்னர் தொடர்பில் இருந்தோரைத் தேட உதவும். எனினும் இவற்றைப் பார்த்துவிட்டு ‘இந்த ஆலயம் பாதுகாப்பானது’ என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

அடுத்த திறப்பில் நடந்த மாற்றமே என்னை இதை எழுதத் தூண்டியது. எங்கள் ஆலயம் உயர்ந்த ஓட்டுக்கூரையும் இரு பக்கமும் தாழ்வாரமும் கொண்ட பழைய கட்டடம். சுவரின் மேற்பகுதியில் வரிசையாகச் சிறு சாளரங்கள் உண்டு. புறாக்கள் வருகின்றன என்று எப்போதோ அவற்றை அடைத்து, அதன்மேல் பெயின்டும் அடித்துவிட்டார்கள். இந்நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே, மூடிய இடங்களில் தேங்கி நின்று பரவுகிறது என்பது தெளிவாகத் தெரியத் தொடங்கியபின், சேகரக் கமிட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர் அந்தச் சாளரங்களைத் திறக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். சாரம் கட்டி, காய்ந்த பெயின்டை உளியால் பெயர்த்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து, புறா நுழையாதபடி கம்பிவலை அடித்தார்கள். பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆலயத்தின் நடுப்பகுதியில் நாலைந்து இடங்களில் மெல்லிய நூலைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நூல் எந்தப் பக்கம் அசைகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்று பார்த்தார். பாடகர் குழுவின் இடத்துக்குப் பின்னால் இருந்த மூலையில் நூல் அசையவே இல்லை. அந்த மூலையின் சாளரத்தில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று பொருத்தப்பட்டது. அதற்கு அருகில் இருந்த மூன்று பெஞ்சுகள் அகற்றப்பட்டன. கூரையில் சுழலும் மின்விசிறி உள்ளே இருக்கும் காற்றைக் கலக்குமே அன்றிப் புதிய காற்றைக் கொண்டுவராது என்பதை அவர் ஆராதனைக்குப் பின் எல்லாருக்கும் விளக்கினார். குளிர்சாதனம் பொருத்திய சிறு ஜெபக்கூடம் ஒன்றும் எங்களுக்கு உண்டு. அங்கே நடந்துவந்த வாரநாள் கூட்டங்களை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். செலவு பெரிதாக ஆகவில்லை, பலனோ மிகப் பெரிது. இந்த ஒன்றுக்காக மட்டுமே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பாட்டு விஷயத்தில் மனவருத்தம் இல்லாமல் இருக்கவில்லை. பாடகர் குழுக்களைக் கூடியவரை அனுமதிக்க வேண்டாம், பதிவுசெய்த இசையை ஒலிக்கவிடலாம் என்று மத்திய நெறிமுறை சொல்லியிருந்தது. பாமாலையும் கீர்த்தனையும் வாய்விட்டுப் பாடி வளர்ந்த சபைக்கு ஒலிபெருக்கியில் வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த விதி வீணானதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பாடகர் குழு ஒன்று, 2020 மார்ச் 10-ஆம் தேதி இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தது; வந்திருந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்துபோனார்கள். உரக்கப் பாடும்போது மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் பேசும்போது வருவதைவிடப் பன்மடங்கு என்பதை உலகம் உணர்ந்துகொண்ட நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. எங்கள் சபை முதலில் பதிவுசெய்த பாட்டையே நம்பியிருந்தது. அடுத்த திறப்பில் நால்வர் மட்டும் முகக்கவசத்தோடு, ஒருவருக்கொருவர் விலகி, திறந்த பக்கவாசலின் அருகே நின்று பாடுகிறார்கள். சபையார் சங்கீதத்தை மாறி மாறித் தாழ்ந்த குரலில் வாசிக்கிறோம். ஆராதனையின் நேரமும் ஒன்றரை மணியிலிருந்து ஐம்பது நிமிடமாகக் குறைந்திருக்கிறது. பிரசங்கம் சுருங்கியதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. பாடாமல் திரும்புவதுதான் இன்னும் மனதுக்குப் பாரமாக இருக்கிறது.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தை எப்படி நடத்துவது என்பதில்தான் சபைக்குள் உண்மையான வாக்குவாதம் எழுந்தது. ஒரே பாத்திரத்தில் எல்லாரும் பருகுவது எங்கள் வழக்கம். அந்தப் பாத்திரத்தால் தீங்கு வரும் என்று நினைப்பதே அவிசுவாசம் என்று மூத்தவர்கள் சிலர் கருதினார்கள். கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “எனக்கு ஒரு பயமும் கிடையாது, ஐயரவர்களே” என்றார். குருவானவர் குரலை உயர்த்தாமல், “உங்களுக்கு இல்லைய்யா, உங்களுக்குப் பின்னால வாங்குறவங்களுக்காகத்தான் கேக்கேன்” என்றார். அதற்குமேல் அந்தப் பெரியவர் மறுத்துப் பேசவில்லை. இப்போது நடப்பது இவ்வாறு: ஆராதனைக்கு முன்பே பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இருவர் முகக்கவசம் அணிந்து சிறு கிண்ணங்களில் திராட்சரசத்தை ஊற்றி, வெள்ளைத் துணியால் மூடி வைக்கிறார்கள். அப்பத்தையும் ரசத்தையும் கொடுக்கையில் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் குருவானவர் பீடத்தில் நின்று எல்லாருக்குமாக ஒரே முறை சொல்லிவிடுகிறார். பிறகு பேசாமல் கொடுக்கிறார். பீடத்தின் முன்னுள்ள கிராதியில் தோளோடு தோள் சேர்ந்து முழங்காற்படியிடுவது நின்றுவிட்டது. வரிசையாக வந்து, நின்றபடி பெற்றுக்கொண்டு, தன் இடத்துக்குத் திரும்பியபின் முகக்கவசத்தை இறக்கி உட்கொள்கிறோம். முதலில் பிளாஸ்டிக் கிண்ணங்களை வாங்கினார்கள். திருவிருந்துக்குப் பின் குப்பைக்கூடையில் அவை கிடந்த காட்சி பலருக்கும் உறுத்தியது. இப்போது கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் கிண்ணங்கள்தான். சமாதானம் கொடுக்கும் வேளையில் கைகளைக் கோப்பதற்குப் பதிலாகக் கும்பிடுகிறோம். காணிக்கைப் பை பெஞ்சு பெஞ்சாகச் செல்லாமல் வாசலில் பெட்டியாக நிற்கிறது. இவை எளிதாகவே பழகிவிட்டன.

இடம் ஒதுக்கும் முறையும் பாராட்டுக்குரியது. இணையத்தில் முன்பதிவு என்று வைத்திருந்தால் திறன்பேசி இல்லாதவர்கள்தான் வெளியே நின்றிருப்பார்கள். எங்கள் சபை தெருவாரியாகப் பிரித்து, எந்தத் தெருவினர் எந்த வேளைக்கு வரவேண்டும் என்று நிறச்சீட்டு கொடுத்தது. ஒரு பெஞ்சுக்கு இருவர், ஒரே வீட்டார் என்றால் சேர்ந்து அமரலாம். தன் வாரத்தில் வரமுடியாதவர் குருவானவருக்கு உதவும் உபதேசியாரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வராதவரை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது என்று குருவானவர் அறிவிப்பில் வெளிப்படையாகச் சொன்னார். ஆலயத்துக்கு வருவதை வைத்தே ஒருவரின் விசுவாசத்தை அளக்கும் பழக்கமுள்ள ஊரில் அது சிறிய அறிவிப்பு இல்லை.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது, வீட்டில் இருக்கும்படி சொல்லப்பட்டவர்களைப் பற்றியது. 65 வயதைக் கடந்தோர், நாள்பட்ட நோயுள்ளோர், கர்ப்பிணிகள், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று 2020-இன் நெறிமுறை அறிவுறுத்தியது. எங்கள் காலை ஆராதனைக்கு வழக்கமாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான். ஆலயம் மூடியிருந்த மாதங்களில் குருவானவர் கைப்பேசியின் முன் அமர்ந்து நடத்திய யூடியூப் ஆராதனை எளிமையாக இருந்தாலும் குரல் தெளிவாகக் கேட்டது. எங்கள் பெயர்களைச் சொல்லி ஜெபித்தார். ஆலயம் திறந்தபின் கேமராவைத் தூணில் கட்டிவிட்டு, தூரத்து ஒலிபெருக்கியின் எதிரொலியோடு ஒளிபரப்பினார்கள். காது மந்தமான ஒருவருக்கு அதில் ஒரு வாக்கியம்கூட விளங்காது. வீட்டில் இருப்பவர்கள் ஆராதிப்பவர்களாக இருந்த நிலை போய், யாரோ ஆராதிப்பதைப் பார்க்கிறவர்களாக ஆகிவிட்டார்கள். ஒலிவாங்கியிலிருந்து நேரடியாகக் கைப்பேசிக்கு ஒரு கம்பி இழுத்தால் தீரும் பிரச்சினை இது. பலமுறை சொல்லியும் இன்னும் சரிசெய்யப்படவில்லை. இதற்கு ஈடாக, பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பட்டியல் வைத்து வாரந்தோறும் தொலைபேசியில் விசாரிப்பதும், குருவானவர் திண்ணை வரை வந்து, முற்றத்தில் நின்றபடியே திருவிருந்து கொடுப்பதும் தவறாமல் நடக்கின்றன.

இன்னொரு குறை, ஆராதனை முடிந்த பிறகு நடப்பது. உள்ளே அவ்வளவு ஒழுங்காக இருந்தவர்கள் வெளிவாசலில் செருப்பைத் தேடும்போதும், மாதக்கணக்கில் பார்க்காதவர்களைப் பார்க்கும்போதும் முகக்கவசத்தை இறக்கிவிட்டு நெருங்கி நின்று பேசுகிறார்கள். இதை முழுவதும் தடுப்பது மனிதத்தன்மையும் ஆகாது. செருப்பை அவரவர் வண்டியிலேயே விட்டுவரச் சொல்வதும், பெஞ்சு வரிசையின்படி பின்னாலிருந்து வெளியே அனுப்புவதும் போதும். முதல் சில வாரங்கள் செய்த இதை ஏன் கைவிட்டார்கள் என்று விளங்கவில்லை. திருமணங்களில் நிலைமை இதைவிட மோசம். ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்ற விதி இருந்த நாள்களிலும் வாசலில் எண்ணிப் பார்க்க யாரும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழை விதவைக்குச் சீட்டின் நிறத்தைப் பார்த்து அனுமதி, சனிக்கிழமை வசதியுள்ள வீட்டுத் திருமணத்துக்குக் கதவு முழுவதும் திறப்பு என்பது நியாயமன்று.

தடுப்பூசி விஷயத்தில் எங்கள் சபை நல்ல முடிவெடுத்தது. சான்றிதழ் காட்டினால்தான் உள்ளே என்ற நிபந்தனை வைக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சேகரத்தின் பள்ளிக் கட்டடத்தை முகாமுக்குக் கொடுத்தது. மாநிலம் முழுவதும் மாபெரும் தடுப்பூசி முகாம்கள் 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியபோது ஆலயக் கதவு தடையால் மூடியிருந்தது. அதே வளாகத்தில் ஊரார் எல்லாரும், சபையைச் சேராதவர்களும், வரிசையில் நின்றார்கள். தயங்கியவர்களை வரவழைத்ததில் குருவானவர் முதலில் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு நிறையப் பங்குண்டு.

இப்போது கவலைப்பட வேண்டியது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் சாரல் நேரே உள்ளே அடிக்கும். நனைகிறது என்று சாளரங்களை இழுத்து மூடினால் இதுவரை செய்த வேலையெல்லாம் வீணாகும். மூடிய ஆலயத்தில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு எவ்வளவு கூட்டம் சேரும் என்பது எல்லாருக்கும் தெரியும். சாளரங்களுக்கு மேல் தகரச் சாய்ப்பு இறக்க வேண்டும், கிறிஸ்துமஸ் ஆராதனையை மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும், மழை இல்லாவிட்டால் ஒரு வேளையையாவது வளாகத்தில் திறந்தவெளியில் நடத்த வேண்டும், ஒளிபரப்புக்கு ஒலிக்கம்பி இழுக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் கையெழுத்திட்டுச் சேகரக் கமிட்டியிடம் மனு கொடுத்திருக்கிறோம். நவம்பர் முதல் வாரக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்வதாகச் செயலர் சொல்லியிருக்கிறார். அதுவரை, வயதான பெற்றோரை அனுப்ப நினைப்பவர்கள் இரண்டாம் வேளை ஆராதனைக்கு அனுப்புங்கள். அதில்தான் கூட்டம் குறைவு. வடக்குத் தாழ்வாரத்தை ஒட்டிய பெஞ்சில் அவர்களை அமரச் சொல்லுங்கள். அங்கேதான் காற்று நன்றாக ஓடுகிறது.