இறைச்சி உருண்டைக்கான சாஸ்: கிரீமா, டின் பாலா, தேங்காய்ப்பாலா?

பினாங்கின் பத்து கவானில் 2019-இல் சுவீடன் நாட்டு அறைகலன் கடையான ஐக்கியா திறக்கப்பட்டதிலிருந்து, அங்கு உருண்டைகளின்மேல் ஊற்றித் தரும் இளம்பழுப்பு சாஸை வீட்டிலும் செய்யச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. கிரீம், சீனி சேர்க்காத டின் பால், தேங்காய்ப்பால் ஆகிய மூன்றிலும் செய்து பார்த்ததில், வாரநாள் சமையலுக்கு என் வாக்கு டின் பாலுக்குத்தான்.

பால் எதுவானாலும் அடித்தளம் ஒன்றே. அரைக் கிலோ இறைச்சியில் பிடித்த உருண்டைகளைப் பொரித்தெடுத்த சட்டியைக் கழுவிவிடக் கூடாது; அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவில்தான் ருசி இருக்கிறது. அதிலேயே இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, 300 மில்லி சூடான இறைச்சிச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கரைக்க வேண்டும். சில துளி கிச்சாப் (சோயா சாஸ்) விடுவது நம் கைவேலை என்று நினைக்க வேண்டாம். சுவீடன் நாட்டுச் சமையலிலும் இந்தச் சாஸுக்குச் சோயா சாஸ் சேர்ப்பதுண்டு. மாட்டிறைச்சி சமைக்காத நம் வீடுகளில் கோழிக் கொத்துக்கறி அதிகம் பழுப்பேற்றாது என்பதால், உப்புக் கிச்சாப்பின் நிறம் கைகொடுக்கும். இனிப்புக் கிச்சாப்பை இங்கே தொடவே வேண்டாம்.

இந்த அடித்தளத்தில் சுமார் 35 விழுக்காடு கொழுப்புள்ள கிரீம் 100 மில்லி சேர்த்தால் கிடைக்கும் வழவழப்புக்கு ஈடில்லை. சிறிது கடுகு விழுது சேர்த்தாலும் அது திரியாது. ஆனால், திறந்த பெட்டியில் மிஞ்சும் கிரீம் குளிர்பெட்டியில் கிடந்து வீணாவதே என் வீட்டில் வழக்கம் என்பதால், விருந்தினர் வரும் நாளுக்கு மட்டும் அதை வாங்குகிறேன்.

தே சி (டின் பால் விட்ட தேநீர்) கலக்க வைத்திருக்கும் சீனி சேர்க்காத டின் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 8 விழுக்காடுதான். தண்ணீரில் பாதிக்கு மேல் நீக்கப்பட்டதால் பால் அடர்த்தியாகி, லேசான காய்ச்சிய பால் மணமும் ஏறியிருக்கும். 150 மில்லி ஊற்றி, அடுப்பைக் குறைத்து ஐந்து நிமிடம் கிளறினால், கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும் பதம் வந்துவிடும். எலுமிச்சை பிழிந்தால் மட்டும் திரிந்துவிடும். கடைகளில் இதே உருவ டின்னில் பாமாயில் சேர்த்த கிரீமரும் விற்கப்படுவதால், முகப்பெழுத்தைப் படித்து வாங்குவது நல்லது. இருந்தாலும் மைதாவை வெண்ணெயில் வறுத்திருந்தால் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை.

தேங்காய்ப்பாலில் ஏமாந்தது என் அவசரத்தால்தான். சந்தையில் அப்போதுதான் பிழிந்து வாங்கிய கெட்டிப்பாலை ஊற்றித் தீயைக் குறைக்காமல் விட்டதில், எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்துவிட்டது. கொதி வராமல் பக்குவமாகக் காய்ச்சிய மறுமுறையோ, சாஸ் அழகாகத் திரண்டது. வாசனை மட்டும் குருமாவுடையது. இடியாப்பத்துக்கு அது பிரமாதம், மசித்த உருளைக்கிழங்குக்கு ஒட்டாது.

தயிரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: புளிப்பும் திரிதலும் சேர்ந்தே வரும்.

மறுநாள் சூடாக்கும்போதும் டின் பால் சாஸ் தொல்லை தருவதில்லை. இரவில் களிபோல் இறுகியிருந்தாலும், இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு இளந்தீயில் கிளறினால் பழைய பதத்துக்குத் திரும்பிவிடுகிறது. கிரீம் சாஸோ தீ சற்றுக் கூடினாலே ஓரத்தில் நெய் கக்கும்.